உட்கார்ந்தால் 150, எழுந்து நின்றால்?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய கட்டடங்களில் கீழே மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக இருக்கும். மேலே குடும்பம் இருக்கும். மாடிக்குப் போகும் மரப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இரவு 2 மணிக்கு விழித்து, இருட்டில் எழுந்து, அந்தப் படிவழியே கழிப்பறைக்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிமிடத்தில் அவருடைய ரத்த அழுத்தம் எவ்வளவு? யாருக்கும் தெரியாது. சாயங்காலம் டாக்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது 150/80 இருந்தது என்பது மட்டும் சீட்டில் இருக்கிறது. மாத்திரையும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது.

வயதானவர்களின் பிரஷர் விவகாரமே பெரும்பாலும் இந்த இரண்டு நேரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் பக்கவாதம். அளவுக்கு மீறி இறக்கினால், எழுந்து நிற்கும்போது கண் இருண்டு விழுந்து இடுப்பெலும்பு முறிவு. எது வந்தாலும் அந்த வயதில் படுக்கைதான். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் வீடு என்றால் படுக்கைக்குப் பக்கத்தில் உட்காரவும் ஆள் கிடையாது. எந்தப் பக்கம் ஆபத்து அதிகம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியவர் பெரிய ஆஸ்பத்திரியின் இதய நிபுணர் அல்ல. அவரை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். மாதாமாதம் பார்ப்பவர் தெருமுனையில் இருக்கும் குடும்ப டாக்டர்.

அவர் கையில் இருப்பது பழைய கருவிதான். கையில் சுற்றும் பட்டையை இத்தாலிய டாக்டர் ரிவா-ரோச்சி உருவாக்கியது 1896இல். பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஓசையைக் கேட்டு இரண்டு எண்களைச் சொல்லலாம் என்று ரஷ்ய டாக்டர் கொரோட்காஃப் காட்டியது 1905இல். நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. பாதரசக் கருவிகள் மட்டும் விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை 2018இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. அந்த இடத்துக்கு பாட்டரியில் ஓடும் கருவி வந்திருக்கிறது. அதையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

கேரளாவில் இது சின்ன விஷயம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் இந்த மாநில மக்களில் 12.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள்; நாட்டிலேயே இதுதான் அதிகம். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரை திருநாள் இன்ஸ்டிடியூட்டின் அச்சுத மேனன் மையம் 18 முதல் 69 வயது வரையிலான 12,012 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. 30.4 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 12.4 சதவீதம் பேருக்குத்தான். படிப்பும் ஆஸ்பத்திரியும் குறைவில்லாத கேரளாவின் கதை இது. ஆய்வு 69 வயதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் இருப்பவர்கள்தான் டாக்டர் வீட்டுத் திண்ணையில் அதிகம்.

அங்கே என்ன நடக்கிறது? படியேறி மூச்சு வாங்க வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்த கையோடு பட்டை சுற்றப்படுகிறது. சட்டைக் கை மேலேயே சுற்றுவதும் உண்டு. கை தொங்கிக்கொண்டிருக்கும். “சாப்பாடு எப்படி? தூக்கம் வருதா?” என்று டாக்டர் கேட்பார். பெரியவர் மருமகளின் சமையலைப் பற்றி விளக்கமாகப் பதில் சொல்வார். அதற்குள் பட்டை இறங்கிவிடும். எண் எழுதப்படும்.

இதில் ஒவ்வொன்றும் எண்ணைக் கெடுக்கிறது. பட்டை இதயத்தின் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் சுமார் 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். இது நோயல்ல, தண்ணீர்த் தொட்டியின் கணக்கு. பேசினால் ஏறும். கால் மேல் கால் போட்டால் ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் ஏறும். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே சிலருக்கு ஏறும். சேர்த்துப் பார்த்தால், இல்லாத நோய்க்கு ஒருவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட இது போதும். இதற்கு மாற்று, செலவே இல்லாத ஒன்று: 5 நிமிடம் பேசாமல் உட்கார வைப்பது, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கையை மேஜை மேல் வைத்துப் பார்ப்பது, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு மறுபடி பார்ப்பது. முதல் எண்தான் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். முதல்முறை வருபவருக்கு இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கத்து ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு எப்போதும் அதிகம் காட்டும் கையில்தான் பார்க்க வேண்டும். நாடியை விரலால் தொட்டும் பார்க்க வேண்டும். துடிப்பு தாறுமாறாக இருக்கும் முதியவர்களிடம் பாட்டரி மெஷின் தடுமாறும்.

இன்னொரு வேடிக்கை, நோட்டுப் புத்தகங்களில் பதிவாகும் எண்கள். 130/80, 140/90, 150/80 என்று எல்லாம் பூஜ்யத்தில் முடியும். மனித ரத்தம் அப்படிப் பத்துப் பத்தாக ஏறி இறங்குவதில்லை. அவசரத்தில் காது கேட்டதைக் கை உருட்டி எழுதுகிறது.

வயதானால் பிரஷர் கூடத்தான் செய்யும், வயதோடு நூறைக் கூட்டிக்கொண்டால் சரி என்பது பழைய வழக்கு. எழுபத்தைந்து வயதுக்கு 175 இருக்கலாம் என்று இன்றும் டீக்கடைகளில் தைரியம் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் டாக்டர்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார்கள். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 இருந்தது. அவருக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை என்றே வெள்ளை மாளிகை டாக்டர் வெளியில் சொல்லிவந்தார். 1945 ஏப்ரல் 12ஆம் தேதி தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது எடுத்த அளவு 300/190. மூளையில் ரத்தக்கசிவு. வயது 63. உலகத்தின் மிகப் பெரிய பதவியில் இருந்தவருக்குக்கூட அன்று கொடுக்க உருப்படியான மாத்திரை இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்று மட்டாஞ்சேரி மருந்துக்கடையில் அதைவிட நல்ல வைத்தியம் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

முதுமையில் ரத்தக்குழாய்கள் விறைப்பதால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். மேல் எண் மட்டும் ஏறினால் பரவாயில்லை என்ற எண்ணத்தை அமெரிக்காவின் ஷெப் ஆய்வு 1991இல் உடைத்தது. அறுபதைத் தாண்டிய 4,736 பேரிடம், க்ளோர்தாலிடோன் என்ற மலிவான மாத்திரையில் தொடங்கிய சிகிச்சை பக்கவாதத்தை 36 சதவீதம் குறைத்தது. எண்பது வயதுக்கு மேல் பயன் உண்டா என்ற சந்தேகத்துக்கு 2008இல் ஹைவெட் ஆய்வு பதில் சொன்னது. எண்பதைத் தாண்டிய 3,845 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மரணமே 21 சதவீதம் குறைந்தது. 2015இல் வந்த ஸ்பிரின்ட் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவந்தால் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் நல்லது என்றது. அதன்பின் உலகெங்கும் டாக்டர்கள் கொஞ்சம் துணிச்சலாக மாத்திரையைக் கூட்டுகிறார்கள்.

இந்த ஆய்வுகளின் முடிவுகள் ஊர் முழுக்கப் பரவின. அவற்றின் வாசலில் நின்ற காவல்காரனைப் பற்றிய பேச்சு பரவவில்லை. ஹைவெட் ஆய்வில் சேர வந்தவரை எழுந்து நிற்க வைத்துப் பார்த்தார்கள். நிற்கும்போது மேல் எண் 140க்குக் கீழே போனால் அவர் சேர்க்கப்படவில்லை. ஸ்பிரின்ட்டிலும் நிற்க வைத்தார்கள். 110க்குக் கீழே போனவர் வெளியே. சர்க்கரை நோயாளிகளையும், பக்கவாதம் வந்து தேறியவர்களையும் ஸ்பிரின்ட் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அளவெடுத்ததும் அவசரத்தில் இல்லை. 5 நிமிட ஓய்வுக்குப் பிறகு தானியங்கிக் கருவியில் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். நின்றாலும் பிரஷர் தாங்கும் முதியவர்களிடம் கிடைத்த பலனை, நிற்கவே வைக்காத முதியவர்களுக்கு மாத்திரையாக எழுதிக் கொடுக்கிறோம் என்பதுதான் இன்றைய நிலை.

எழுந்து நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கும். இளையவரின் உடம்பு ரத்தக்குழாய்களை உடனே இறுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். முதியவரின் உடம்புக்கு அந்தச் சுறுசுறுப்பு குறைவு. பல வருட சர்க்கரை நோய் நரம்புகளைத் தின்றிருந்தால் இன்னும் குறைவு. எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதை நோயாகவே கொள்ள வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட பின், வெந்நீரில் குளித்த பின், வியர்த்துக் கொட்டிய பின் இறக்கம் கூடும். ப்ராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் பிரஷரை இறக்கும். இரவில் நாலு முறை எழுப்பும் வியாதிக்கான மருந்தே எழுந்தவரைத் தள்ளிவிடுவது என்ன நியாயமோ.

மாத்திரைமேல் மாத்திரை ஏறும் விதமும் சுவாரசியமானது. பிரஷருக்கு ஆம்லோடிபின் ஆரம்பிக்கப்படுகிறது. நல்ல மருந்துதான். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைக் காட்ட அவர் வேறு டாக்டரிடம் போகிறார். அவர் நீர் பிரியும் மாத்திரை கொடுக்கிறார். வீக்கம் அவ்வளவாகக் குறையாது. உடம்பில் நீர்தான் குறையும். தலை சுற்றுகிறது. மூன்றாவது டாக்டர் தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதுகிறார். இந்த மூன்று சீட்டையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்கும் ஆள் ஒருவர் இருந்தால், முதல் மாத்திரையின் அளவைக் குறைத்தோ மாற்றியோ கதையை முடித்திருப்பார். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இரண்டு டப்பாவில் இருப்பதையும் அவர்தான் கண்டுபிடிப்பார். வரும்போது சீட்டை மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லும் டாக்டர்கள் இதைத் தெரிந்தவர்கள்.

நிற்கும்போது பிரஷர் இறங்குகிறதா என்று தெரிய, முதலில் கேட்க வேண்டும். மட்டாஞ்சேரியில் கேட்பதே ஒரு வேலை. கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ், மலையாளம் என்று சில தெருக்களுக்குள் இத்தனை மொழிகள் புழங்கும் இடம் நாட்டில் அதிகமில்லை. பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் வேளியில் உள்ள தோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பட்ட வண்ணார்களின் வழிவந்தவை என்று சொல்லப்படுகிறது. நாள் முழுக்க நின்றபடி, வெயிலிலும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலும் வேலை செய்யும் முதியவருக்கு உட்கார்ந்தபடி எடுத்த எண் எவ்வளவு உண்மை சொல்லும்? தமிழில் ‘தலைசுற்றல்’ என்று ஒரே சொல்லில் டாக்டர் கேட்டால் “அதெல்லாம் இல்லீங்க” என்பார். அறை சுழல்வதைத்தான் அவர் அப்படிச் சொல்வார். எழுந்ததும் ‘கண்ணைக் கட்டுது’, ‘கிறுகிறுன்னு வருது’ என்பது அவருக்கு வேறு. மலையாளத்தில் ‘தலகறக்கம்’ என்ற சொல்லுக்குள்ளும் இப்படிப் பல அனுபவங்கள் அடங்கிக் கிடக்கின்றன. கீழே விழுந்ததையோ முதியவர்கள் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் மாடியிலிருந்து கீழே கொண்டுவந்து ஒரு மூலையில் கட்டிலைப் போட்டுவிடுவார்கள் என்று பயம். “கடைசியா எப்ப விழுந்தீங்க?” என்று நேராகக் கேட்டால்தான் பதில் வரும்.

உப்பையும் அப்படித்தான் நேராகக் கேட்க வேண்டும். ‘உப்பைக் குறைங்க’ என்றால் குழம்பில் குறைப்பார்கள். கருவாடும் ஊறுகாயும் உப்பிலிட்ட நெல்லிக்காயும் கணக்கில் வராது. பப்படம் சுத்தமாக வராது. மாவில் சேரும் பப்படக்காரமும் சோடியம்தான். நாக்குக்குக் கரிப்பதில்லை, அவ்வளவுதான். நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நின்றால் பிரஷர் இறங்கிவிடும் முதியவரிடம் உப்பை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதும் ஆபத்து. இங்கேயும் முதலில் நிற்க வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, முதலில் எடுத்துக்கொண்ட 5 மாநிலங்களில் கேரளாவும் ஒன்று. எந்த மருந்தில் ஆரம்பித்து எப்படிக் கூட்டுவது என்று ஒரே முறை, ஒரு மாத மாத்திரை ஒரே தடவையில், வராதவரைத் தேடிப் பிடிக்கப் பதிவேடு. இந்த எளிய ஏற்பாட்டுக்கு 2022இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. அதே 2017இல் கேரளாவின் ‘ஆர்த்ரம்’ திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றத் தொடங்கியது. 2022 முதல் ‘ஷைலி’ கணக்கெடுப்புக்காக முப்பது வயதைக் கடந்தவர்களைத் தேடி ஆஷா ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். அந்த ஆஷாக்களே ஊதியத்தைக் கூட்டச் சொல்லி 2025 பிப்ரவரி முதல் மாதக்கணக்கில் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் விருதோடு சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையையும் பிரஷர் கருவியையும் வாசலுக்கே கொண்டுபோகிறது. படியிறங்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

இவை எல்லாம் நாட்டின் பெரிய குறையை, அதாவது நோய் இருப்பதே தெரியாமல் அல்லது பாதியில் மருந்தை விட்டுவிட்டு இருப்பவர்களின் குறையைத் தீர்க்கப் போடப்பட்டவை. 140/90க்குக் கீழே எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் இவற்றின் மார்க். எண்பது வயதில் உட்கார்ந்து 128, நின்றால் 96 என்று இருக்கும் ஒருவரும் அந்தக் கணக்கில் வெற்றிதான்.

வீட்டில் மெஷின் வாங்கிவைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வளைகுடாவிலிருந்து வரும் மகன்கள் கொண்டுவரும் சாமான்களில் ஒன்று. நல்லதுதான், மேற்கையில் சுற்றும் மெஷினாக இருந்தால். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி பார்த்தால், டாக்டர் நாற்காலியில் எடுத்த ஒற்றை எண்ணைவிட அது நம்பகமானது. வீட்டில் 135/85ஐத் தாண்டினால்தான் அதிகம். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பயந்து, பயத்தாலேயே ஏற்றிக்கொள்ளும் பெரியவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து மெஷினை மருமகள் ஒளித்துவைப்பது தவறில்லை. மற்றவர்கள் அந்த வாரத்தில் இரண்டு நாள், காலையில் கட்டிலை விட்டு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பார்த்து எழுதிக்கொண்டு போனால், டாக்டர் கேட்காவிட்டாலும் சீட்டு கேட்கவைக்கும். நிற்கும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

டாக்டர்கள் தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு. ஒரு மாலையில் 40 முதியவர்கள் வந்தால், ஆளுக்கு 3 நிமிடம் நிற்க வைக்க மட்டுமே 2 மணி நேரம். மட்டாஞ்சேரியில் கடைசி நோயாளி வீடு போய்ச் சேர நடுராத்திரி ஆகிவிடும். எல்லோரையும் ஒவ்வொரு முறையும் நிற்க வைக்க வேண்டியதில்லை. மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும்போது, கூட்டும்போது, விழுந்தேன் என்று சொன்னவரை, சர்க்கரை நோயாளியை, எண்பதைத் தாண்டியவரை நிற்க வைத்தால் போதும். டாக்டரேதான் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம் எப்படியும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். ஓய்வுக்கு அது தாராளம். டோக்கன் கூப்பிடும் பெண்ணுக்கு ஒரு மெஷினும் ஒரு வாரப் பயிற்சியும் கொடுத்தால், உள்ளே போகும் சீட்டில் இரண்டு வரி இருக்கும்: உட்கார்ந்து இவ்வளவு, நின்று இவ்வளவு.